ஓட்டுப் போட்ட பிறகு?

கேள்வி: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டால் நம் வேலை முடிந்ததா?
– வாசகி ஒருவர், மன்னார்குடி அருகிலுள்ள கிராமம்

பதில்: இல்லையம்மா. கிராம சபைக்குப் போயிருக்கிறீர்களா? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று முன்பு நான்கு நாள் கூடியது. இப்போது மார்ச் 22, நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு. ஊராட்சியின் வரவு செலவை அங்கே யாரும் கேட்கலாம். எங்கள் ஊரில் தெருவிளக்குக் கணக்கு கேட்டேன், பதில் இல்லை. சரி என்று தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனு எழுதினேன். 2005-ல் வந்த அந்தச் சட்டம் 30 நாளுக்குள் பதில் தரச் சொல்கிறது. நகல் வந்தது, அடுத்த சபையில் சத்தமாக வாசித்தேன். அப்புறம் பின்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தெருவுக்கும் கணக்கு கேட்டார்களே, அதை நான் மறக்கவே மாட்டேன். அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போங்கள்.