தைப்பவர் தன் உடையில் எதைப் பார்ப்பார்?

கேள்வி: நாள் முழுக்க அடுத்தவர் உடையைத் தைக்கும் உங்களுக்கு, உங்கள் உடை மேல் ஆசை மிச்சம் இருக்கிறதா? ஆயத்த உடை வாங்கினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

பதில்: ஆசை கூடித்தான் போயிருக்கிறது. ஆனால் உடையை உள்பக்கம் திருப்பிப் பார்த்த பிறகுதான் நிறத்தையே பார்ப்பேன். தையலுக்கு அப்பால் 1.5 செ.மீ. துணியாவது விட்டிருந்தால், உடம்பு கொஞ்சம் பருத்தாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். ஒட்ட வெட்டி, ஓரம் பிரியாதிருக்க நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்திருந்தால் அதற்கு வழியில்லை.

அப்புறம் பாவு நூல், அதாவது நெய்த துணியில் நீளவாக்கில் ஓடும் நூல். சாதாரண சட்டையில் அது மேலிருந்து கீழாக நேராக ஓட வேண்டும். துணியை மிச்சம் பிடிப்பதற்காகச் சற்றே சாய்த்து வெட்டினால், துவைக்கத் துவைக்கப் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிடும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் திரும்பவும் கோணும். பார்க்கவே மனம் வலிக்கும். நெய்தவரின் உழைப்பும் சேர்ந்தல்லவா வீணாகிறது! வேண்டுமென்றே 45 டிகிரியில் குறுக்காக வெட்டுவது வேறு விஷயம். அப்போது துணி நன்றாக இழுபடும், உடம்போடு குழைந்து விழும். வளைவான கழுத்துக்குப் பட்டி வைக்க அதுதான் சரி.

காஜா, பட்டன் எல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

எனக்காகத் தைக்கும்போது பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டுவேன். சுருங்குவது முன்பே சுருங்கட்டும். மடிப்பில் நைந்துபோன காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்த பழைய சட்டை ஒன்றை இன்னும் விருப்பத்தோடு அணிகிறேன்.