தமிழ்நாட்டில் எந்த மதம், எந்தச் சாதி எத்தனை சதவீதம்? சரியான கணக்கு எது?

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். அதனால் எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. இந்துக்கள் 87.58 சதவீதம், கிறிஸ்தவர்கள் 6.12, முஸ்லிம்கள் 5.86, ஜைனர்கள் 0.12. ஜைனர்களில் பாதிக்கு மேல் சென்னையில் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் நிலவரம் மாறும். கன்னியாகுமரியில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம்.

சாதியைப் பொறுத்தவரை பட்டியல் சாதியினர் 20.01, பழங்குடியினர் 1.1. அவ்வளவுதான். மற்ற சாதிகளுக்கு 1931க்குப் பிறகு முழுக்கணக்கு வெளியாகவில்லை. 2011ல் தனியாகச் சாதிக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதிலும் சாதி விவரத்தை மட்டும் வெளியிடவில்லை. வாட்ஸாப்பில் சுற்றுகிற பட்டியல்களை நம்பிப் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு சங்கமும் தன் சாதிக்குச் சொல்லும் சதவீதத்தைக் கூட்டினால் நூறைத் தாண்டிவிடும்.

சரி, இதற்கு மேல் எழுதுவதற்குக் காரணம் அந்த 20.01 தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வீடு ஞாபகம் வரும்.

2011 பிப்ரவரியில் நான் கணக்கெடுப்பாளர். வடசென்னையில் பள்ளி ஆசிரியை. பள்ளி விட்டதும் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். வீட்டில் ஆள் சொன்ன விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் தெரு, பெயர் எதுவும் சொல்லமாட்டேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். இரண்டாவது மாடி. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கை முழுக்கச் செதில். உள்ளே சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், கீழே சின்ன சிவப்பு பல்பு. கல்லூரியில் படிக்கும் மகன்தான் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான்.

ஏழாவது கேள்வி மதம். எட்டாவது, பட்டியல் சாதியா, பழங்குடியா என்பது. மகன், "எல்லாருக்கும் இந்துன்னு போட்டுக்குங்க மேடம், சர்டிபிகேட்ல அப்டிதான் இருக்குது" என்றான். அந்த அம்மா தலையை நிமிர்த்தி, "உனுக்கு இன்னா வேணுமோ எழுதிக்கோ. எனுக்கு கிறிஸ்தவம்னு எழுது டீச்சர்" என்றார்.

யார் என்ன சொல்கிறார்களோ அதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். அடுத்து எட்டாவது கேள்வி. மகனுக்குப் பட்டியல் சாதி என்று போட்டாயிற்று. அம்மாவுக்குப் போட முடியாது. இந்து, சீக்கியர், பௌத்தர் என்றால்தான் அந்தக் கட்டம். 1950 குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் இங்கே பி.சி., அதாவது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள்.

நான் விளக்கிச் சொன்னேன். அவர் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கேட்டார்: "எங்கம்மா, ஆயா எல்லாம் அதே சேரில பொறந்தவங்கதான். அவன் எஸ்.சி. அவனப் பெத்த நான் இல்லையா?"

அதிகாரிகள் கொடுத்த கையேட்டில் அதற்குப் பதில் இல்லை. "இல்லம்மா, இந்தத் தாள்ல மட்டும்தான்" என்று ஏதோ சொன்னேன். சொன்னபோதே எனக்கே அது பிடிக்கவில்லை.

பின்னூட்டத்தில் சண்டைக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மதமாற்றத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ இதை எழுதவில்லை. அந்தப் பையன் பொய் சொன்னான் என்றும் எழுதாதீர்கள். ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கும், செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கும் போகிற குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. அவனுக்கு அவன் சொன்னது உண்மை, அம்மாவுக்கு அவர் சொன்னது உண்மை. நான் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அப்புறம், இந்த வேலையை ஆசிரியர்கள் தலையில் கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், தேர்தல் பூத் எல்லாவற்றுக்கும் நாங்கள். பரீட்சை நெருங்கும் மாதத்தில் மாடி மாடியாக ஏறியிருக்கிறேன். மதிப்பூதியம் கைக்கு வர மாதக்கணக்கானது. அந்த வருடம் என் வகுப்பில் தேர்ச்சி குறைந்ததற்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். இன்னமும் ஆறவில்லை.

2027 கணக்கெடுப்பில் எல்லாரிடமும் சாதி கேட்கப்போவதாக 2025ல் அறிவித்திருக்கிறார்கள். அப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறவர் அனேகமாக என்னைப் போல ஒரு டீச்சராக இருப்பார். குடும்பத் தலைவர் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லி முடித்துவிடாதீர்கள். சமையலறையில் இருப்பவரையும் கூப்பிடுங்கள், அவரே வந்து சொல்லட்டும்.