என்னை எதற்கு இப்போது படம் எடுக்கிறாய்?

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். ஓராண்டாக உங்கள் புகைப்படப் பக்கத்தை வாசித்து வருகிறேன். சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. 78 வயது அம்மா என்னோடுதான் இருக்கிறார்.

அம்மா படத்துக்கு நிற்கவே மாட்டேன் என்கிறார். கல்யாண வீட்டில் குடும்பப் படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய்விடுவார். நான் கைப்பேசியைத் தூக்கினாலே முந்தானை முகத்துக்கு வந்துவிடும். போன தீபாவளிக்கு ஒரு ஸ்டூடியோவில் நேரம்கூடப் பதிவு செய்துவிட்டேன். கிளம்பும் நேரத்தில், "என்னை எதற்கு இப்போது படம் எடுக்கிறாய்? மாலை போடவா?" என்று கேட்டுவிட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் என் மனத்தின் ஒரு மூலையில் அந்த எண்ணமும் இருந்தது. அப்பா இறந்த அன்று இரவு நல்ல படம் ஒன்றுக்காக நாங்கள் பட்ட பாடு அப்படி.

இது என் சுயநலமா? வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊரார் குடும்பங்களையே படம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் வீட்டாரை எப்போது எடுப்பீர்கள்? நன்றி, நன்றி என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். யாருக்கு அந்த நன்றி?

அன்புடன்,
ஒரு வாசகி, ஈசூன்

* * *

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்தேன். "மாலை போடவா?" என்ற இடத்தில் என் மனைவி, "அத்தையும் இதைத்தானே கேட்டார்கள்" என்றாள். ஆமாம், என் அம்மாவும் இதே வார்த்தைகளில் கேட்டார். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அப்பா.

என் அப்பா பிரிட்டிஷ்காரர்கள் இருந்த காலத்திலேயே செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு அங்கேயே கப்பல் பட்டறையில் ஓய்வுபெறும்வரை இருந்தார். அவர் இறந்தது 1996ல். நான் கேமரா வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதியை ரோல் ரோலாக எடுத்திருந்தேன். சிங்கப்பூர் ஆற்றை விடியலிலும் எடுத்திருந்தேன், மழையிலும் எடுத்திருந்தேன். அப்பா இறந்த இரவு எல்லா நெகடிவ்களையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் தேடினேன். ஒரே ஒரு ஃபிரேமின் ஓரத்தில் அவருடைய முழங்கை இருந்தது. வேறு எதையோ நான் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறார்.

கடைசியில் பழைய வேலை அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். அலுவலக முத்திரையின் வளைவு அவருடைய இடது தோளில் விழுந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் அதைத் தூரிகையால் மறைத்து, சட்டைக் காலரையும் வரைந்து கொடுத்தார். மாலை போட்டபின் தோள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை படத்தைத் துடைக்கும்போதெல்லாம் கை அந்த இடத்தில் நின்றுவிடும். அப்பா அந்த மாதிரி காலர் போட்டதே இல்லை.

அதனால் உங்கள் எண்ணத்தைச் சுயநலம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்காக ஓர் இரவு முழுக்க அலைந்த பெண்ணுக்கு அம்மாவைப் பற்றி அந்தப் பயம் வராமல் இருக்குமா? இந்த ஊரில் அடையாள அட்டையை (ஐசி) 30 வயதிலும் 55 வயதிலும் புதுப்பிக்கிறோம். உங்கள் அம்மாவின் ஐசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் எத்தனையோ வருடத்துக்கு முந்தைய அம்மா இருப்பார். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டி அவர் இல்லை. பெரியவர் ஒருவர் தவறியதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, "ஐசி படம்தான் இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக்கித் தர முடியுமா?" என்பதுதான். இல்லாவிட்டால் பாஸ்போர்ட் படம். 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, சிரிப்பில்லாத முகம்.

உங்கள் அம்மாவின் பயமும் பொய்யில்லை. நம் வீடுகளில் ஒருவரைத் தனியாக எடுத்த பெரிய படம் சுவருக்கு எப்போது வந்திருக்கிறது? அவர் போன பிறகுதான். சின்ன வயதிலிருந்து அவர் பார்த்த தனிப்படங்கள் எல்லாமே பொட்டும் மாலையும் சின்ன விளக்குமாக இருந்தவை. படம் எடுத்தால் ஆயுசு குறையும், மூன்று பேராக நின்று எடுக்கக்கூடாது என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவர். நாற்காலியில் தனியாக உட்காரவைத்து, பின்னால் துணியைத் தொங்கவிட்டு, விளக்கைத் திருப்பினால் அவர் மனம் வேறு எங்கே போகும்? ஸ்டூடியோ பதிவைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

வற்புறுத்தவும் வேண்டாம். வற்புறுத்தி எடுத்த படத்தில் அந்த வற்புறுத்தல் அப்படியே முகத்தில் நிற்கும். தாடை இறுகியிருக்கும், கண் கேமராவைத் தாண்டிக் கதவைப் பார்க்கும். அப்படிப் பல படங்களை நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். காசும் வாங்கியிருக்கிறேன். இன்றும் அவற்றை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் தோ பாயோவில் ஒரு வீட்டுக்குப் போனேன். பையன் தேசிய சேவைக்குப் போகிறான், அடுத்த வாரம் புலாவ் தெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சி. முடி வெட்டும் முன் குடும்பமாக ஒரு படம் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். இந்தப் படத்துக்காகக் கூப்பிடுகிறவர்கள் இங்கே நிறைய. எனக்கும் மிகப் பிடித்த வேலை அது. பாட்டி மட்டும் வரவில்லை. "நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேலை கிடக்கிறது" என்று அடுப்படியிலேயே இருந்துவிட்டார். மற்றவர்களை நிற்கவைத்து, ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி அடுப்படி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "சட்டை மடங்கியிருக்கே, இப்படியா நிப்பே?" என்று நேராக வந்து பேரனின் காலரைச் சரிசெய்தார். புளி கரைத்த கை. சட்டையில் படாமல் இருக்க விரல் நுனிகளால் மட்டும் பிடித்து நிமிர்த்தினார். தன்னைவிட ஒன்றரை அடி உயர்ந்த பையனை அண்ணாந்து பார்த்தார். நான் ஷட்டரை அழுத்தினேன்.

பாட்டி தவறியபோது அந்தப் படத்திலிருந்துதான் முகத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். எப்படி வெட்டினாலும் ஓரத்தில் பேரனின் வெள்ளைக் காலர் கொஞ்சம் வந்தது. அழித்துவிடுகிறேன் என்றேன். சரி என்று அவருடைய மகன் சொல்லிவிட்டார். பத்து நிமிடம் கழித்து அந்தப் பையனே கூப்பிட்டான். "அங்கிள், அது இருக்கட்டும்" என்றான். இருக்கிறது. (இதை எழுத அந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டேன்.)

இனி என் அம்மா. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொரோனா நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் எனக்கு ஒரு வேலைகூட இல்லை. 56 நாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரு சனி, ஞாயிறு நான் வீட்டில் இருந்ததில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் திரும்புவேன். அந்த 56 நாளில்தான் என் அம்மா மாலை ஐந்து மணிக்கு வாசல் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்காருகிறார் என்பதே எனக்குத் தெரியவந்தது. எத்தனையோ வருடமாக உட்கார்ந்திருக்கிறார். எதிர் புளோக்கின் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவர் முகத்தில் விழும். அவ்வளவு மென்மையான வெளிச்சத்தை ஸ்டூடியோவில் கொண்டுவர எனக்கு இரண்டு விளக்கும் ஒரு பெரிய குடையும் வேண்டும்.

முதல் நாள் கேமராவை எடுத்துப் போனபோதுதான் அவர் கேட்டார். "என்னை எதற்கு இப்போது படம் எடுக்கிறாய், மாலை போடவா?" எனக்கும் உங்களைப்போல் தொண்டை அடைத்தது. ஆனால் வாயில் உண்மை வந்துவிட்டது. "வேலை இல்லை அம்மா. கை மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கொஞ்சம் உட்காருங்கள், பழகிக்கொள்கிறேன்" என்றேன்.

முந்தானை இறங்கியது. "நாற்காலியை எந்தப் பக்கம் போட?" என்று கேட்டார்.

தங்கை, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் அம்மா தனக்காக உட்கார மாட்டார். உங்களுக்காக உட்காருவார். அவர் தலைமுறைப் பெண்களைக் கூப்பிட்டு "உங்களுக்கு அழகாக ஒரு படம்" என்றால் ஓடிவிடுவார்கள். "எனக்கு ஓர் உதவி" என்றால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு உண்மையாகவே அவர் உதவி வேண்டியிருக்கிறதே! அப்பாவுக்கு நேர்ந்தது அம்மாவுக்கும் நேர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அதையே சொல்லிவிடுங்கள். "அப்பா போன அன்று படம் இல்லாமல் தவித்தேன். அந்தப் பயம் எனக்குப் போகவில்லை. நீங்கள்தான் போக்க வேண்டும்." மாலையைப் பற்றி அவரே வாய்விட்டுக் கேட்டுவிட்டார். நீங்களும் ஒளிக்காமல் சொன்னால் அவருக்குப் பாரம் குறையும் என்று நினைக்கிறேன்.

செய்முறையும் கேட்பீர்கள். கைப்பேசி போதும். ஐந்து, ஐந்தரை மணிக்கு எடுங்கள். நம் ஊரில் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. ஆனால் கிட்டத்தட்ட பூமத்திய ரேகையில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கிவிடும். ஆறரைக்குப் பிறகு வெளிச்சம் மளமளவென்று போய்விடும். சன்னலுக்கோ நடைபாதைக்கோ பக்கவாட்டில் அவரை உட்காரவையுங்கள், வீட்டு டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகத் தெரியும். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். அதனால் இரண்டு எட்டு பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் குனிந்து அவர் கண் மட்டத்துக்கு வாருங்கள். நம் நிறத்துக்கு இன்னொன்றும் முக்கியம். வெளிர் சேலையையோ வெள்ளைச் சுவரையோ பார்த்துக் கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் அவர் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள். முகவாயைச் சற்றுத் தாழ்த்தினால் பளபளப்பு போய்விடும். பட்டுச் சேலை வேண்டாம், அன்றாடம் உடுத்துவதே போதும். சிரிக்கச் சொல்லாதீர்கள். வெந்தயக் குழம்பு எப்படி வைப்பது என்று கேளுங்கள். பதில் சொல்லி முடித்ததும் ஒரு நொடி சும்மா இருப்பார் பாருங்கள், அப்போது அழுத்துங்கள்.

எடுத்ததைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாதீர்கள். 4ஆர் அளவில் (4க்கு 6 அங்குலம்) ஒன்று அச்சிட்டு, பின்னால் பெயரும் தேதியும் இடமும் பென்சிலால் எழுதுங்கள். ஹில் ஸ்திரீட்டில் ஒரு காலத்தில் லீ பிரதர்ஸ் என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. 1910களிலும் 20களிலும் அங்கே எடுத்த ஏராளமான உருவப்படங்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு முகமும் நேற்று எடுத்ததுபோல் துல்லியம். ஆனால் பலருடைய பெயர் யாருக்கும் தெரியாது. யாரோ ஒரு மகள் அவ்வளவு ஆசையாக அழைத்துப்போய் எடுத்திருப்பாள். அந்தப் படங்களைப் பார்த்த அன்றிலிருந்து நான் கொடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதித்தான் கொடுக்கிறேன்.

நன்றி யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். கதவைத் திறந்து என்னை உள்ளே விடுகிற குடும்பங்களுக்கு. யாரோ ஓர் ஆளை நம்பித் தூங்கும் குழந்தையைக் கையில் கொடுத்து, "இப்படிப் பிடிங்கள்" என்று சொல்லித்தருகிறார்களே, அவர்களுக்கு. இருபது வருடமாக வெயிலில் ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் மனைவிக்கு. வேலைக்காக நான் எடுத்த எந்தப் படத்திலும் அவள் முகம் இல்லை, ஆனால் எல்லா முகங்களிலும் விழும் வெளிச்சம் அவள் திருப்பிவிட்டது. அப்பா இல்லாத ஞாயிறுகளைக் குறை சொல்லாமல் வளர்ந்த என் பிள்ளைகளுக்கு. 2021லிருந்து ஜனவரி முதல் ஞாயிறு எந்த வேலையும் ஒப்புக்கொள்வதில்லை. அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் கேமராவை முக்காலியில் வைத்து, டைமரைப் போட்டு, நாங்கள் எல்லோரும் நிற்போம். மனைவி நடுவில்.

அப்புறம் அம்மாவுக்கு. அந்த 56 நாளில் அவரை 41 படம் எடுத்தேன். கடைசிப் படத்தில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சந்தைப் பைகளோடு வந்தார், அவருக்கு வழிவிட நாற்காலியை இழுத்துப்போட எழுந்துகொண்டிருக்கிறார். ஒரு கை நாற்காலியில், ஒரு கை சேலை மடிப்பில். கொஞ்சம் ஆடியிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அவர் தவறியபோது, கூர்மையான 40 படங்கள் இருந்தும் தம்பி தங்கைகள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். எங்கள் கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.

வரும் ஞாயிறு முயன்று பாருங்கள். அம்மா அப்போதும் மாட்டேன் என்றால் எழுதுங்கள், நான் கேமரா இல்லாமல் ஒரு நாள் வந்து அவரோடு காப்பி குடித்துவிட்டுப் போகிறேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்