தோட்டத்தை வைத்து எழுதிய முதல் நாவலைக் கடலூர், புதுச்சேரிப் பக்கம் எப்படி வாசகரிடம் கொண்டுபோவது?

சொந்தச் செலவில் அச்சிட்ட 300 பிரதி வீட்டில் இருக்கிறது, எழுத்தாளர் வட்டத்தில் யாரையும் தெரியாது என்கிறீர்கள். தெரியாததே நல்லது. அங்கே போனால் கையெழுத்திட்டு இனாமாகக் கொடுப்பதிலேயே ஐம்பது பிரதி கரையும். உங்கள் முதல் நூறு வாசகர்கள் மாடித்தோட்டம் போடுகிறவர்கள்.

அவர்களிடம் போகுமுன், செடி வளர்க்கும் இருவரிடம் நாவலைக் கொடுத்துத் தோட்டத் தகவலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பர் பூ சித்திரையில் பூப்பதாக ஒரு வரி இருந்தால் போதும், கதையை விட்டுவிட்டு அந்த வரியைத்தான் குழுவில் போட்டு வறுப்பார்கள். அச்சான பிறகு பிழை தெரிந்தால் வெட்கப்படாமல் திருத்தச் சீட்டு ஒட்டுங்கள்.

வெளியீட்டுக்கு ஆடிதான் காலம். ஆடிப்பட்டத்துக்கு எல்லோரும் விதை தேடிக்கொண்டிருப்பார்கள். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியும் வழக்கமாக ஜூலையை ஒட்டியே வரும். ஒரே ஒரு நூலுக்காகத் தனி அரங்கு எடுத்தால் வாடகைகூடத் தேறாது. ஏதாவது ஒரு பதிப்பகத்திடம் கேட்டு அவர்கள் அரங்கில் 20 பிரதி வையுங்கள். விற்றுத் தருவதற்கான கழிவாக விலையில் 35, 40 விழுக்காடு கேட்பார்கள். விலை 250 என்றால் 40 விழுக்காடு போக உங்களுக்கு 150. அச்சுச் செலவு பிரதிக்கு 110 ஆகியிருந்தால் மிச்சம் 40தான். அட்டையில் விலை போடுமுன் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்கள் விற்க விற்க நஷ்டப்படுகிறார்கள்.

நேரடியாக வாங்குகிறவர்களுக்கு நூலோடு சிறுகீரை விதை 2 கிராம் இனாமாகக் கொடுங்கள். இரண்டு தொட்டிக்குத் தாராளம். ஆனால் நம் கடற்கரை ஈரக்காற்றில் விதை சீக்கிரம் கெடும். மொத்தமாக வாங்கியதும் 50 விதையை ஈரத்துணியில் போட்டுப் பாருங்கள். ஐந்து நாளில் 40க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையே வேண்டாம். முளைக்காத விதையின் பழி நாவல் மேல்தான் விழும். காகித உறையில் போட்டு, அதை ஜிப் கவரில் வைத்து, நூலுக்கு வெளியே ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் பக்கம் புடைக்கும், பூச்சியும் வரும். உறை மேல் ‘மணலோடு கலந்து தூவவும், மேலே மெல்லிசாக மண் போடவும்’ என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். சிறுகீரை 25 நாள் வாக்கில் பறிப்புக்கு வரும். அன்றைக்கு ‘கீரை எப்படி?’ என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். நாவலைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

நர்சரிகளில் ஆளுக்கு ஐந்து பிரதி போதும். பில் போடும் மேசையில் பிளாஸ்டிக் உறையோடு இருக்க வேண்டும். செடி வரிசைப் பக்கம் வைத்தால் தண்ணீர் தெளிக்கும்போது அட்டை ஊறிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க் கணக்கு முடியுங்கள். புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் மலர், காய், கனிக் கண்காட்சி நடக்கும்போது அரங்கு வேண்டுமென்றால் வேளாண் துறையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். காந்தி வீதி சண்டே மார்க்கெட் பக்கம் மட்டும் போகாதீர்கள், பழைய புத்தக விலைக்குத்தான் கேட்பார்கள்.

நூலகத்துக்குக் கொடுப்பதில் ஒரு குழப்பம் உண்டு. கடலூர் தமிழ்நாடு பொது நூலகத் துறையின் கீழ் வரும். 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் புதுச்சேரி அரசின் கலை, பண்பாட்டுத் துறையுடையது. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் அடையாள எண் இல்லாவிட்டால் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடும். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது, இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பொதியில் விதை போடவே கூடாது. தாவரச் சுகாதாரச் சான்று இல்லாத விதை சுங்கத்தில் சிக்கினால் நூலும் சேர்ந்து தங்கிவிடும். வெளிநாட்டு வாசகர்களுக்கு மின்னூல் கொடுங்கள்.