நீர்ப்பிடிப்புப் பகுதியை மாணவர்கள் நேரில் கற்பது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பள்ளிக்கு அருகில் ஆறோ ஏரியோ இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பள்ளி வளாகமே போதும். மழைநீர் வழிந்து ஒரே ஓடையிலோ ஆற்றிலோ ஏரியிலோ சேரும் நிலப்பரப்புதான் நீர்ப்பிடிப்புப் பகுதி; எந்த நிலமும் அப்படி ஏதோ ஒன்றுக்குள்தான் இருக்கிறது. ஆகவே மழை ஓய்ந்தவுடன் மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று, கூரையிலிருந்து இறங்கிய நீர் எந்தப் பக்கம் சரிந்து, எங்கே தேங்கி, எந்த வடிகாலில் சேர்ந்தது என்பதை அவர்களே வரைபடத்தில் குறிக்கட்டும். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 500 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த மாணவர், அவ்வளவு நீரும் எங்கே போகிறது என்று தாமாகவே கேட்பார். ஆசிரியர் அதை முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

கேள்வி: கருவி இல்லாமல் நீரோட்டத்தை அளக்க முடியுமா?

பதில்: முடியும். ஓடையில் 10 மீட்டர் நீளத்தை அளந்து, பாதி மூழ்கி மிதக்கும் பொருள் ஒன்றை விட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். 20 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 0.6 சதுர மீட்டர். அடிப்பகுதியில் நீர் மெதுவாக ஓடுவதால், வேகம், பரப்பு இரண்டின் பெருக்குத்தொகையை ஏறத்தாழ 0.85 ஆல் பெருக்க வேண்டும். 1 கன மீட்டர் 1,000 லிட்டர் என்பதால், விநாடிக்குச் சுமார் 255 லிட்டர் என்று விடை வரும்.

கேள்வி: சோதனைப் பெட்டி வாங்க வசதியில்லை. நீரின் தரத்தை எப்படி அறிவது?

பதில்: கற்களுக்கு அடியில் வாழும் சிற்றுயிர்களைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். ஒரு கல்லை மெல்லப் புரட்டி, அதில் ஒட்டியிருப்பவற்றை நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் விட்டால், மே ஈ (mayfly) என்ற பூச்சியின் நீரில் வாழும் இளம் உயிரி இருக்கும்பட்சத்தில் அதன் வாலில் பெரும்பாலும் மூன்று இழைகளும், வயிற்றின் இருபுறமும் துடிக்கும் செவுள்களும் தெரியும். அவற்றில் பல வகைகளுக்கு நீரில் கரைந்த ஆக்சிஜன் நிறைய வேண்டும். அத்தகையவை எதுவுமின்றிச் செந்நிறப் புழுக்கள் மட்டுமே மிகுந்திருந்தால் மாசு இருக்கலாம் என்று ஐயப்படலாம். ஆனால் சேறு படிந்து மெதுவாக ஓடும் நீரில் இயல்பாகவே அப்படி இருக்கக்கூடும் என்பதால், உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நீரின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நன்னீரில், 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். பார்த்து முடித்ததும் உயிர்களை நீரில் விட்டு, கல்லை இருந்தபடியே வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பெற்றோராகக் கேட்கிறேன். இது பாதுகாப்பானதா?

பதில்: முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள இடத்திலும், மழைக்குப் பின் வேகமெடுத்த ஓடையிலும் யாரும் இறங்கக் கூடாது. காயமுள்ளவர் கரையிலிருந்து குறிப்பெடுக்கலாம். முடிந்ததும் அனைவரும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்வி: ஒரு நாள் பயணம் போதுமா?

பதில்: போதாது. ஒரு நாள் அளவு அந்த நாளைப் பற்றி மட்டுமே சொல்லும். அதே இடத்தில், அதே முறையில், கோடையிலும் மழைக்காலத்திலும் அளந்து, ஒவ்வொரு முறையும் முந்தைய நாள்களின் மழையளவையும் எழுதிவைத்தால்தான், நீர் கலங்கியதற்குக் காரணம் மழையா, மேட்டில் புதிதாகத் தோண்டிய மண்ணா என்பதை மாணவர்கள் ஆராய முடியும்.