ரோபோ கையும் அலைன்மென்ட்டும்

அன்புள்ள ஐயா,

தரமணியில் ஓர் ஆய்வகத்தில் ஆண்டெனா அளவீட்டுப் பிரிவில் இருக்கிறேன். புதிதாக ஆறு அச்சு ரோபோ கை வந்திருக்கிறது. விவரத்தாளில் 0.03 மி.மீ. துல்லியம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டெனாவையும் அளவுக்கருவியோடு நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் வேலைக்கே அரைநாள் போய்விடுகிறது. இதை முழுக்கத் தானியங்கியாக்க முடியாதா?

க.

அன்புள்ள க.,

முடியும், செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த 0.03-ஐ நம்பி இறங்கிவிடாதீர்கள். கற்றுக்கொடுத்த இடத்துக்கே கை மறுபடியும் வந்து நிற்கும் என்பதற்குத்தான் அது உத்தரவாதம். எண்களில் ஒரு புள்ளியைச் சொல்லி 'அங்கே போ' என்றால் அரை மி.மீ. தள்ளி நின்றாலும் விவரத்தாள் பொய் சொன்னதாகாது.

26 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 11.5 மி.மீ. கை பிடித்திருக்கும் புரோப் (அலையை அளக்கும் சிறு ஆண்டெனா) சொன்ன இடத்திலிருந்து அதில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் நிற்கவேண்டும் என்று வைத்தால் 0.23 மி.மீ. வரை இடமுண்டு. வானிலைச் செயற்கைக்கோள்கள் நீராவியை அளக்கும் 183 கிகாஹெர்ட்ஸில் அது 0.033 மி.மீ.! மே மாதத்தில் ஏசி நின்று அறை மூன்று டிகிரி சூடேறினாலே ஒரு மீட்டர் எஃகு 0.036 மி.மீ. நீண்டுவிடும். கை நகர்ந்து முடித்த பிறகு எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து ஒரு கண் பார்த்துச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் போல்டரிலுள்ள நிஸ்ட் எனும் தேசிய அளவியல் ஆய்வகம் அதற்காகத்தான் ரோபோ கையை, லேசரால் இடத்தை அளக்கும் லேசர் டிராக்கரோடு இணைத்தது.

டிராக்கருக்கும் உலோகம் மட்டுமே தெரியும். ஆண்டெனாவின் கற்றை அதன் உலோக அச்சிலேயே கிளம்பவேண்டும் என்று கட்டாயமில்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. ஆண்டெனாவைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் அளக்கும் கோள அளவீட்டில் ஒரே திசையை இரண்டு வழிகளில் எட்டலாம்: தீட்டாவின் (அச்சிலிருந்து சாயும் கோணம்) குறியை மாற்றி, ஃபையோடு (அச்சைச் சுற்றும் கோணம்) 180 டிகிரி கூட்டினால் போதும். அலைன்மென்ட் சரியென்றால் இரண்டு வழிகளிலும் அளந்து போட்ட வரைபடங்கள் பொருந்தும். தீட்டாவின் பூஜ்யம் பிசகியிருந்தால் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். விலகலில் பாதிதான் பிழை. முதலில் நிரலுக்குக் கொடுக்கவேண்டிய வேலை இது. வெளியிலிருந்து பார்க்கக் கேமரா பொருத்துவதெல்லாம் பிறகு. இரண்டு முறை திருத்தியும் பொருந்தாவிட்டால் நிரல் அளவீட்டை நிறுத்தி ஆளைக் கூப்பிடவேண்டும். தானாகத் தொடரும் நிரலை உள்ளே விடவே விடாதீர்கள்.

எந்த அதிர்வெண் என்று நீங்கள் எழுதவில்லை. 26 என்றால் கையை ஒருமுறை நன்றாக அளந்து, எங்கே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று திருத்த அட்டவணை போட்டு ஓட்டிவிடலாம். 183 பக்கம் போவதென்றால் டிராக்கருக்கு நிதி கேட்டு இந்த வாரமே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.