ஒற்றை அறை வீடு: கேளுங்கள், சொல்கிறேன்

சென்னையில் ஒற்றை அறை வாடகை வீடுகளுக்குள் சாமான்களை ஒழுங்குபண்ணி, அறையைப் பெரிதாகத் தெரியவைப்பது என் தொழில். ஓர் அறை, ஓரத்தில் சமையல் மேடை, ஒரு பாத்ரூம், அவ்வளவுதான் வீடே என்றிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

வேளச்சேரியிலிருந்து: மேடம், 10-க்கு 12 அறை. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் போட்டதும் நடக்கவே இடமில்லை. எதில் ஆரம்பிப்பது?

தரையில். அறை பெரிசா சின்னதா என்று கண் கணக்குப் போடுவது தரை எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத்தான். வாசலில் நின்று பாருங்கள். எதிர்ச்சுவரின் அடிவரைக்கும் தரை தடையில்லாமல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பீரோவை வாசலுக்கு எதிரே நிறுத்தாதீர்கள். வாசல் இருக்கும் அதே சுவரை ஒட்டி வைத்தால் உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படாது. அதன் தலையில் ஏற்றிய சூட்கேஸையும் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியையும் இறக்கிவிடுங்கள். அடுத்தது கட்டில். ஐந்தடி அகலக் கட்டில் ஒன்றே 32 சதுர அடிக்கு மேல் தின்றுவிடும், உங்கள் அறையில் கால்வாசிக்கும் அதிகம். தனியாக இருப்பவருக்கு மூன்றடிக் கட்டில் தாராளம். மிச்சமாகும் இரண்டடிதான் உங்கள் நடைவழி.

அதே வேளச்சேரி: பாக்ஸ் கட்டில் வாங்கிவிடலாமா?

சாமான் வெளியே குவிந்து கிடக்கிறதென்றால் வாங்குங்கள். இல்லையென்றால் கால் வைத்த கட்டிலே மேல், அடியில் தரை தெரியும். பெட்டிக்குள் கம்பளி, போர்வை வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஈரவாடை ஏறிவிடும். வெயில் வரும் நாளில் திறந்துபோட்டுக் காற்றாட விடணும்.

பெருங்குடியிலிருந்து: ஹவுஸ் ஓனர் ஆணியே அடிக்கக் கூடாது என்கிறார். ஒட்டும் கொக்கி போடலாமா?

டிஸ்டெம்பர் அடித்த சுவரென்றால் வேண்டாம். கொக்கியோடு சேர்ந்து பெயிண்டும் உரிந்து வரும், அப்புறம் அட்வான்ஸில் கை வைப்பார். ஓனரிடம் நாலே நாலு ஓட்டைக்கு அனுமதி கேளுங்கள், காலி பண்ணும்போது அடைத்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். அந்த நாலையும் திரைச்சீலைக் கம்பிக்கே செலவழியுங்கள். கம்பி ஜன்னலுக்கு மேலே சீலிங்கை நெருங்கி இருக்கட்டும், இருபக்கமும் அரையடி நீளட்டும், துணி தரைவரை தொங்கட்டும், சுவரின் நிறத்திலேயே இருக்கட்டும். மூன்றடி ஜன்னல்கூட ஆள் உயரக் கதவு மாதிரி தெரியும்.

மடிப்பாக்கத்திலிருந்து: பெரிய கண்ணாடி மாட்டினால் அறை இரண்டு மடங்காகத் தெரியுமாமே?

அது எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. சமையல் மேடைக்கு எதிரே மாட்டினால் கழுவாத பாத்திரம்தான் இரண்டு மடங்காகும். ஜன்னலை ஒட்டிய பக்கச்சுவரில் மாட்டுங்கள், வெளிச்சம் உள்ளே திரும்பும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம், மூன்று மணி வெயில் கண்ணைக் கூசும். வாஸ்து எனக்குத் தெரியாது. ஆனால் கட்டிலுக்கு எதிரே கண்ணாடி கூடாது என்பதில் நானும் அதே கட்சி. நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் தூக்கிவாரிப் போடும்.

குரோம்பேட்டையிலிருந்து: சொந்த ஃபிளாட்தான். ஃபால்ஸ் சீலிங் போட்டால் எடுப்பாக இருக்குமா?

வேண்டவே வேண்டாம். வசிக்கும் அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச உயரமே 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. அதில் அரையடியை இறக்கினால் ஃபேன் தலைக்கு மேலேயே சுற்றும். அந்தக் காசில் மூலைக்கு ஒன்றாக இரண்டு விளக்கு போடுங்கள். நடுவில் ஒற்றை டியூப்லைட் எரிந்தால் மூலையெல்லாம் இருண்டு அறை சுருங்கிவிடும். பல்பு 4000 கெல்வின் பக்கம் வாங்குங்கள், கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. 6500 மருந்துக்கடை வெளிச்சம்.

அவரே: பெயிண்ட் வெள்ளைதானா?

வெளிச்சம் குறைந்த அறையில் சுத்த வெள்ளை சாம்பலாகத் தெரியும். க்ரீம் அடியுங்கள். பரண் கதவுக்கும் அதே நிறம், மறக்காதீர்கள்.

அம்பத்தூரிலிருந்து: ஊரிலிருந்து அம்மா வந்தால் படுக்க சோபா கம் பெட் வாங்கட்டுமா, அக்கா?

விரித்தால் ஆறடி இடம் வேண்டும், மடித்தாலும் மூன்றடி ஆழம். வருஷத்தில் நாலு நாளுக்காக இது எதுக்குப்பா? மூன்றாக மடியும் மெத்தை ஒன்று வாங்கு, பகலில் உட்காரலாம். கட்டில் அம்மாவுக்கு, மெத்தை உனக்கு.